சங்கும் சர்க்கரையும் வேண்டாம்: தாயில்லாச் செம்மறிக்குட்டியை வளர்த்த அனுபவம்

சென்னையில் செம்மறிக்குட்டி எங்கிருந்து வருகிறது என்று எங்கள் காப்பகத்துக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். நாய், பூனை, மாடு என்றால் புரிகிறது, இது எப்படி என்று. நகரத்தின் வடக்கு விளிம்பில் குடியிருப்பவர்களுக்கு விடை தெரியும். ஆந்திரப் பக்கமிருந்து ஜி.என்.டி. சாலை வழியாக ஆடு ஏற்றிய லாரிகள் வருகின்றன. அவற்றில் சினை ஆடுகளும் இருக்கும். சினையாக இருக்கும் விலங்கையோ, 3 மாதத்துக்கு உட்பட்ட குட்டி இருக்கிற தாயையோ அறுக்கக் கூடாது என்று 2001-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் சொல்கின்றன. விதி இருந்தும், நெரிசலில் நின்றபடியே லாரியில் ஈன்றுவிடும் ஆடுகள் உண்டு. குட்டி மிதிபடும், இல்லாவிட்டால் லாரி நிற்கிற இடத்தில் விழுந்து கிடக்கும். இதுபோக, வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையோரம் மேயும் மந்தைகளில் தாய் ஆடு அடிபட்டு, குட்டி மட்டும் மிஞ்சுவதும் நடக்கிறது.

இப்படிக் கிடைக்கும் குட்டியைத் தூக்கி வருகிறவர்கள் எல்லோருமே நல்ல மனசுக்காரர்கள்தான். ஆனால் இத்தனை வருஷத்தில் நான் பார்த்த வரைக்கும், பசியால் செத்த குட்டிகளைவிட அவசர அவசரமாகப் புகட்டிய பாலால் செத்தவைதான் அதிகம். கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டு பழகிய கை, குட்டியைக் கண்டதும் அதே வேலைகளைத் தானாகச் செய்யத் தொடங்கிவிடும். மடியில் மல்லாத்திக்கொள்ளும். சங்கைத் தேடும். பாலில் கொஞ்சம் சர்க்கரை சேர்க்கும். வெந்நீரில் குளிப்பாட்டிச் சாம்பிராணிப் புகை காட்டும். குழந்தைக்குச் செய்து பழகிய இவற்றில் ஒன்றுகூட ஆட்டுக்குட்டிக்குப் பொருந்தாது. இதைத்தான் விளக்கமாக எழுத நினைத்தேன்.

குண்டுமணி என்று நாங்கள் கூப்பிடும் குட்டி வந்தது ஐப்பசி அடைமழையில். மாதவரம் ரவுண்டானா பக்கத்திலிருந்து ஒரு டீக்கடை அண்ணன் போன் செய்தார். லாரி நின்றுவிட்டுப் போன இடத்தில் குட்டி கிடந்திருக்கிறது. நான் போய்ச் சேர்ந்தபோது, தன் துண்டால் சுற்றி அதை பாய்லர் பக்கத்தில் வைத்திருந்தார். பக்கத்திலேயே டம்ளரில் பாலும் ஸ்பூனும் தயாராக இருந்தன.

"ஒரு வாய் ஊத்தட்டுமா மேடம்? பாவம், குடல் காஞ்சி கெடக்குது."

"வேணாம்ணே, கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லிவிட்டு, குட்டியின் வாய்க்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. நாக்கு அசையவில்லை, விரலைச் சப்பவும் இல்லை. தொப்புள்கொடி இன்னும் ஈரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் காப்பகத்து ஆடுகளைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா, திருவள்ளூர்ப் பக்கத்தில் ஆயுசு பூராவும் ஆடு மேய்த்தவர். அவர் சொல்லிக்கொடுத்ததுதான் இது. "வாயில வெரல வுட்டுப் பாரும்மா. உள்ள சூடா இருந்தா பாலக் குடு. சில்லுனு இருந்தா பால் கிட்டயே போவாத." எங்கள் கால்நடை டாக்டரும் இதையே தெர்மாமீட்டர் கணக்கில் சொல்வார். செம்மறிக்குட்டியின் இயல்பான உடல் வெப்பம் 102 முதல் 104 டிகிரி ஃபாரன்ஹீட். நமக்குக் காய்ச்சல் என்று சொல்கிற சூடுதான் அதற்கு ஆரோக்கியம். 99-க்குக் கீழே போய்விட்டால் ஆபத்து. உடம்பு குளிர்ந்த குட்டிக்குச் சப்பவும் விழுங்கவும் தெம்பு இருக்காது, ஊற்றுகிற பால் நுரையீரலில் இறங்கிவிடும். தப்பித்து வயிற்றுக்குப் போனாலும் செரிக்காமல் தேங்கும்.

சென்னை வெக்கையில் குட்டிக்குக் குளிருமா என்று கேட்கலாம். பிறந்த ஈரத்தோடு மழைக்காற்றில் கிடக்கிற இரண்டரைக் கிலோ உடம்பு அது. ஈரம் காயக் காய உடம்புச் சூட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விடும். தாய் ஆடு ஈன்றவுடன் விடாமல் நக்குவது குட்டியைத் துவட்டத்தான். எனவே நாம் செய்ய வேண்டிய முதல் வேலை, பழைய துண்டால் நன்றாகத் தேய்த்துக் காயவைப்பது. மெதுவாக ஒற்றி எடுத்தால் போதாது, தோலில் ரத்தம் ஓடும்படி தேய்க்க வேண்டும். அப்புறம் ஒரு அட்டைப்பெட்டி, அடியில் சாக்கு, இரண்டு பக்கமும் வெந்நீர் ஊற்றித் துணி சுற்றிய பாட்டில்கள். 60 வாட் குண்டு பல்பு ஒன்றைப் பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் எரியும்படி தொங்கவிடுவோம். சூடு அதிகமானால் குட்டி நகர்ந்துகொள்ள மறுமூலை வேண்டும். அரைமணிக்கு ஒருமுறை ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்போம்.

ஒரு எச்சரிக்கை. பிறந்து 5 மணி நேரத்துக்கு மேலாகி, மிகவும் குளிர்ந்து தலையைக்கூடத் தூக்காமல் கிடக்கும் குட்டிக்குச் சூடு மட்டும் ஏற்றினால் வலிப்பு வந்து செத்துப்போகலாம். பிறக்கும்போது உடம்பில் இருந்த கொழுப்பு எரிந்து தீர்ந்திருக்கும், ரத்தத்தில் சர்க்கரை இருக்காது. டாக்டர் முதலில் குளுக்கோஸை வயிற்றறைக்குள் ஊசியாகப் போட்டுவிட்டு அப்புறம்தான் சூடேற்றுவார். இதை வீட்டில் முயலவே கூடாது. தமிழ்நாட்டில் கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. நகரத்துக்குள் இருப்பவர்கள் வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு போகலாம். 1903-இல் தொடங்கிய கல்லூரி, நகரத்தில் தலைமுறை தலைமுறையாக ஆடு மாடு வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்த இடம்.

குண்டுமணி அந்த அளவுக்குப் போகவில்லை. காப்பகத்துக்கு வந்து, பெட்டியில் படுத்து, காதுகள் சூடாகி, என் விரலை முதல்முறையாகச் சப்பியபோதுதான் பாட்டிலை எடுத்தேன்.

அந்த முதல் பாட்டிலில் இருக்க வேண்டியது சீம்பால், அதாவது ஈன்றவுடன் சுரக்கும் முதல் பால். மனிதக் குழந்தைக்கு, வயிற்றில் இருக்கும்போதே தாயின் ரத்தத்திலிருந்து நோய் எதிர்ப்புப் புரதங்கள் கொஞ்சம் போய்ச் சேர்ந்துவிடும். ஆட்டின் நஞ்சுக்கொடி அவற்றைக் கடத்தாது. குட்டி வெறுங்கையோடு பிறக்கிறது. எதிர்ப்புச் சக்தி முழுவதும் சீம்பாலில்தான் வர வேண்டும். அதை அப்படியே உறிஞ்சும் திறன் குட்டியின் குடலுக்கு முதல் 6 மணி நேரத்தில் நன்றாக இருக்கும், அப்புறம் குறைந்துகொண்டே வந்து ஒரு நாளுக்குள் நின்றுவிடும். ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 50 மில்லி என்பது கணக்கு. இரண்டரைக் கிலோ குட்டிக்கு ஒரு வேளைக்கு 125 மில்லி, முதல் 24 மணி நேரத்தில் மொத்தம் அரை லிட்டர்.

தாயில்லாத குட்டிக்குச் சீம்பாலுக்கு எங்கே போவது? அன்றைக்கு ஈன்ற வேறு செம்மறியோ வெள்ளாடோ இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. இல்லையென்றால் பசுவின் சீம்பால். கன்று போட்ட வீட்டிலிருந்து அக்கம்பக்கத்துக்குச் சீம்பால் கொடுப்பது நம்மூரில் இன்னும் இருக்கிறது. பால்காரர்களிடம் சொல்லிவைத்தால் கிடைக்கும். பிரச்சினை என்னவென்றால், வெல்லமும் ஏலக்காயும் போட்டு அவித்துச் சாப்பிடத்தான் நமக்குத் தெரியும். அவித்துவிட்டால் அந்த எதிர்ப்புப் புரதங்கள் போய்விடும். எங்களுக்கு வேண்டியது பச்சையாக. ஒரே பசுவினுடையது சில குட்டிகளுக்கு ரத்தசோகையை உண்டாக்கும் என்பதால் இரண்டு மூன்று பசுக்களின் சீம்பாலைக் கலந்து, சின்னச் சின்னப் பாட்டில்களில் ஃப்ரீசரில் வைப்போம். தேவைப்படும்போது வெதுவெதுப்பான தண்ணீருக்குள் பாட்டிலை நிறுத்திக் கரைய விடுவோம். அடுப்பில் வைப்பதில்லை, மைக்ரோவேவிலும் வைப்பதில்லை.

இதற்கு நடுவே மறந்துபோகிற ஒரு வேலை தொப்புள். டிஞ்சர் அயோடினில் கொடியை முழுக்க நனைக்க வேண்டும், கொடி காய்கிற வரைக்கும் கவனிக்க வேண்டும். சென்னையில் ஈ இல்லாத மாதம் கிடையாது. ஈரத் தொப்புளில் ஈ உட்கார்ந்தால் புழு வைத்துவிடும், கிருமியும் அந்த வழியாகத்தான் உள்ளே போய் மூட்டுகளில் தங்கும். வந்த அன்றைக்கே குளிப்பாட்ட வேண்டாம் என்று சொல்வதற்கு ஈரமும் குளிரும் ஒரு காரணம், தொப்புள் இன்னொரு காரணம்.

இனி சங்குக்கு வருகிறேன். பாலாடை, சங்கு, ஸ்பூன், சிரிஞ்சு எல்லாவற்றிலும் ஒரே ஆபத்துதான். அவற்றில் பால் நாம் ஊற்றுகிறபடி போகிறது, குட்டி இழுக்கிறபடி போவதில்லை. ஆட்டின் வயிறு நான்கு அறை கொண்டது. பிறந்த குட்டியில் வேலை செய்வது நான்காவது அறை மட்டும். தழை, புல்லைப் புளிக்கவைக்கும் முதல் அறை அப்போது சின்னப் பை, அதற்குள் பால் போனால் கெட்டுப்போய் வயிறு ஊதும். குட்டி தலையைக் கொஞ்சம் உயர்த்தி, காம்பைச் சப்பும்போது, உணவுக்குழலின் முடிவில் ஒரு பள்ளம் இரண்டு உதடுபோல் மூடிக் குழாயாகிவிடும். பால் முதல் மூன்று அறைகளையும் தொடாமல் நேரே நான்காவதில் போய் விழும். சப்பினால்தான் அந்தக் குழாய் மூடும். ஊற்றினால் மூடும் என்ற உத்தரவாதம் இல்லை. மடியில் மல்லாத்திப் படுக்க வைத்துக் கொடுத்தால் மூச்சுக்குழலில் இறங்கி நிமோனியா வர நிறைய வாய்ப்பு உண்டு.

எனவே குட்டி நாலு காலில் நிற்க வேண்டும். நிற்க முடியாவிட்டால் முன்னங்கால்களை மடித்து, நெஞ்சு தரையில் படும்படி உட்கார வைக்க வேண்டும். தாயின் மடி எவ்வளவு உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில் பாட்டில். மருந்துக்கடையில் கிடைக்கும் குழந்தைப் பாட்டிலின் நிப்பிளே போதும். துளையைச் சூடான ஊசியால் கொஞ்சம் பெரிதாக்கலாம், அளவோடு. பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்தால் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும், தாரையாக ஓடக் கூடாது. குண்டுமணி சப்பத் தொடங்கினால் முதலில் வால் ஆடும். இரண்டு விரல் நீளம்கூட இல்லாத வால் அது, அப்படி ஒரு வேகத்தில் ஆடும். வால் நின்றால் பால் வரவில்லை, நிப்பிளில் ஆடை அடைத்திருக்கிறது என்று அர்த்தம். நடுவில் பாட்டிலை மூக்கால் ஓங்கி முட்டும். மடியை முட்டிப் பால் சுரக்க வைக்கிற பழக்கம், பாட்டில் என்று அதற்குத் தெரியாது. கையைத் தளர்த்தாமல் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

என்ன பால் என்பது அடுத்த கேள்வி. செம்மறிப் பாலில் கொழுப்பு 6 முதல் 7 சதவீதம் இருக்கும். நாம் காப்பிக்கு வாங்குகிற ஆவின் நீல பாக்கெட்டில் 3 சதவீதம். பச்சையில் 4.5. ஆரஞ்சு பாக்கெட்டில் 6. செம்மறிப் பாலுக்குக் கிட்டத்தில் வருவது ஆரஞ்சுதான், நாங்கள் அதையே கொடுக்கிறோம், தண்ணீர் கலக்காமல். குழந்தைக்குப் பசும்பாலைத் தண்ணீர் விட்டுக் காய்ச்சுகிற பழக்கத்தில் குட்டிக்கும் கலந்து, வயிறு நிறைந்தும் எலும்பும் தோலுமாகக் கிடந்த குட்டிகள் எங்களிடம் வந்திருக்கின்றன. வெள்ளாட்டுப் பால் கிடைத்தால் அதுவும் நல்லது. கன்றுகளுக்கான பால் பவுடரைத் தவிர்க்கிறோம். அதில் உள்ள தாமிரத்தின் அளவு கன்றுக்கு ஏற்றது, செம்மறிக்கு அல்ல. மாட்டுக்கும் வெள்ளாட்டுக்கும் கொடுக்கும் தாது உப்புக் கலவையைச் செம்மறிக்குக் கொடுக்கும்போதும் இதே கவனம் வேண்டும். செம்மறியின் கல்லீரல் தாமிரத்தைச் சேர்த்துச் சேர்த்து வைத்து, ஒருநாள் திடீரென்று நஞ்சாக வெளிவிடும்.

சர்க்கரை, நாட்டுச்சர்க்கரை, பனங்கற்கண்டு எதுவும் பாலில் சேர்க்கக் கூடாது. அவற்றை உடைக்கும் நொதி ஆட்டுக்குட்டியின் குடலில் இல்லை. செரிக்காத சர்க்கரை தண்ணீரை இழுத்துக்கொண்டு கழிச்சலாக வெளியேறும். கேழ்வரகுக் கஞ்சி, அரிசிக் கஞ்சியும் அந்த வயதில் செரிக்காது. 'தெம்புக்குக் கொஞ்சம் கஞ்சித் தண்ணி குடுத்தேன்' என்று சொல்கிற பாட்டிகளிடம் இதைச் சொல்வது எனக்கு எப்போதும் கஷ்டமாக இருக்கும். பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர்கள் அவர்கள். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அளவு: ஒரு நாளைக்கு உடல் எடையில் 15 முதல் 20 சதவீதம். முதல் வாரத்தில் அதை ஐந்தாறு வேளையாகப் பிரித்து, இரவிலும் எழுந்து கொடுக்க வேண்டும். சமையல் தராசில் தினமும் எடை பார்ப்போம், ஏறுகிறது என்றால் சரி. கத்துகிற ஒவ்வொரு முறையும் பால் கொடுப்பதுதான் இங்கே பெரிய ஆபத்து. குழந்தை அழுதால் பசி என்று எடுத்துக்கொள்கிறோம். குட்டி தனியாக இருந்தாலும் கத்தும், குளிர்ந்தாலும் கத்தும், மனுஷக் குரல் கேட்டாலே கத்தும். வயிற்றைப் பார்க்க வேண்டும். பால் குடித்து முடித்த குட்டியைப் பின்னாலிருந்து பார்த்தால் இரண்டு விலாவும் இடுப்பிலிருந்து நேராக இறங்க வேண்டும். பீப்பாய்போல் உப்பியிருந்தால் கூடிவிட்டது. நான்காவது வயிற்றில் அளவுக்கு மீறி விழுந்த பால் புளித்துக் காற்று கட்டினால் சில மணி நேரத்தில் குட்டி போய்விடும். தட்டிப் பார்த்தால் மத்தளச் சத்தம் கேட்கும், அப்போது நேராக டாக்டர்தான்.

புழுக்கையையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் தார்போல் கறுப்பு, அப்புறம் மஞ்சள் களிம்பு. அந்த மஞ்சள் வாலுக்கடியில் ஒட்டிக் காய்ந்து ஆசனவாயையே அடைத்துவிடும். தாய் நக்கிச் சுத்தம் செய்வதை நாம் ஈரத்துணியால் செய்ய வேண்டும், ஒவ்வொரு பாலுக்கு அப்புறமும். தண்ணீராகப் போனால், பாலை ஒரேயடியாக நிறுத்திவிடாமல் வேளைகளுக்கு நடுவே உப்புக் கரைசல் கொடுத்துக்கொண்டு டாக்டரைப் பார்ப்போம். பாட்டிலையும் நிப்பிளையும் ஒவ்வொரு முறையும் வெந்நீரில் கொதிக்க வைப்பது பற்றி எழுதத் தேவையில்லை, பிள்ளை வளர்த்த எல்லோருக்கும் அது தெரியும். அந்த ஒரு பழக்கம் அப்படியே பொருந்துகிறது.

வளர்க்கிறவர்களும் தங்களைக் கவனித்துக்கொள்ள வேண்டும். குட்டியின் உதட்டில் வரும் அம்மைப் புண் நம் கையிலும் தொற்றும். கர்ப்பமாக இருக்கும் பெண்கள் ஈன்ற ஆட்டையோ புதுக்குட்டியையோ தொடாமல் இருப்பது நல்லது. கருவைப் பாதிக்கும் கிருமிகள் சில அதில் இருக்கலாம். எங்கள் காப்பகத்தில் இதை முதலிலேயே கேட்டுவிடுவோம், கூச்சப்படுவதில்லை.

வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு, வாலை உதிர வைக்க ரப்பர் வளையம் போடணுமா என்று கேட்கிறார்கள். தேவையே இல்லை. அவை அடர்ந்த கம்பளி ரோமமும் நீண்ட வாலும் உள்ள இனங்கள். நம் பக்கத்து மெட்ராஸ் ரெட் ஆட்டுக்கு உடம்பெல்லாம் முடிதான், வாலும் குட்டை. குண்டுமணி நெல்லூர் இனமாக இருக்கும் என்பது டாக்டரின் கணிப்பு. நெட்டைக் கால், சிவந்த உடம்பு. அதற்கும் வாலில் வேலை இல்லை.

இரண்டாவது வாரத்திலிருந்தே அகத்தி, வேலிமசால், கடலைக்கொடி என்று கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டலாம். தரையில் போட்டால் மிதிக்கும், மோந்துவிட்டுப் போய்விடும். அதன் தலை உயரத்துக்குக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டால் விளையாட்டாகக் கடிக்கத் தொடங்கும். பக்கத்தில் எப்போதும் சுத்தமான தண்ணீர் இருக்க வேண்டும். பால் குடிக்கிறதே, தண்ணீர் எதற்கு என்று விட்டுவிடக் கூடாது, சித்திரை வைகாசியில் அது உயிர் போகிற விஷயம். தழை உள்ளே போகப் போகத்தான் முதல் வயிறு வளரும். ஒரு மத்தியானம் குண்டுமணி நிழலில் படுத்திருந்தது. கழுத்தின் அடிப்பக்கத்தில் சின்ன உருண்டை ஒன்று தோலுக்குள்ளேயே மேலே ஏறியது. தாடை பக்கவாட்டில் அரைத்தது, நின்றது, உருண்டை இறங்கியது, இன்னொன்று ஏறியது. "தாத்தா, அசை போடுது!" என்று நான் போட்ட கூச்சலில் அது எழுந்து ஓடியேவிட்டது. அசை போடத் தொடங்கி, தழையும் கொஞ்சம் தீவனமும் ஒழுங்காகத் தின்கிற குட்டிக்கு இரண்டு மாத வாக்கில் பாலைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தலாம். மூன்று மாதம் தாண்டியதும் ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி. துள்ளுமாரி நோய்க்கான ஊசியும் குடற்புழு மருந்தும் எப்போது என்று டாக்டர் சொல்வார்.

இந்தப் பருவத்தில் வெளியிலிருந்து வரும் தீனிதான் எங்களுக்குப் பயம். கோயிலில் சாமிக்குச் சாத்திய மாலைகளைப் புண்ணியம் என்று கொண்டு வருவார்கள், அதில் அரளி இருக்கும். அரளியின் இலை, பூ, தண்டு எல்லாமே இதயத்தை நிறுத்தும் விஷம், கொஞ்சம் போனாலே போதும். கல்யாண மண்டபத்தில் மிஞ்சிய சாதத்தை அண்டாவோடு கொண்டு வருவார்கள். சோறு முதல் வயிற்றில் வேகமாகப் புளித்து அமிலமாகிவிடும். ஆடு மாடு வயிறு நிறைய ஆசையாகத் தின்றுவிட்டு மறுநாள் எழுந்திருக்காது. பொங்கலுக்கு மறுநாள் எங்கள் கேட்டில் ஒருவர் நின்று சோற்றைத் திருப்பி அனுப்புவதே வேலையாக இருக்கும்.

இவ்வளவும் சரியாகச் செய்து குட்டி பிழைத்துவிட்டாலும், பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. மனுஷர்களோடு மட்டும் வளர்ந்த செம்மறிக்குத் தான் ஆடு என்பதே தெரியாமல் போகும். மந்தையில் விட்டால் வேலியோரம் நின்று நம்மைப் பார்த்துக் கத்தும், மற்ற ஆடுகள் முட்டித் தள்ளும், எங்கே மேய்வது எப்போது ஓடுவது என்று தெரியாது. மந்தைதான் செம்மறியின் பாதுகாப்பு, அதன் அறிவும் அங்கேதான் இருக்கிறது. இங்கிலாந்தில் பாப்ரகாம் ஆய்வு நிலையத்தில் நடந்து 2001-இல் வெளியான ஆய்வு ஒன்றில், செம்மறிகள் 50 ஆடுகளின் முகங்களை அடையாளம் கண்டு இரண்டு வருஷத்துக்கு மேல் நினைவில் வைத்திருந்தன. அப்படி நினைவில் வைத்துக்கொள்ள அதற்கு ஆட்டு முகங்கள் வேண்டும், நம் முகம் போதாது.

அதனால் நாங்கள் குட்டியைப் பெட்டியில் வைத்திருப்பது உடம்பு தேறும் வரைக்கும்தான். தேறியதும் கொட்டிலுக்குள்ளேயே, மந்தைக்குப் பக்கத்தில் கம்பித் தடுப்பு போட்டு மாற்றிவிடுவோம். கம்பிக்கு இந்தப் பக்கமிருந்து மற்ற ஆடுகளின் வாசனையும் சத்தமும் அதற்குக் கிடைக்கும். ஒன்றுக்கு இரண்டு குட்டியாக இருந்தால் இன்னும் நல்லது. குண்டுமணிக்குத் துணையாக அதே வயதுக் கிடாக்குட்டி ஒன்று இருந்தது. பால் கொடுக்கிற நேரம் தவிர மற்ற நேரத்தில் போய் உட்கார்ந்து கொஞ்சக் கூடாது என்று தாத்தா எனக்குக் கட்டளை போட்டிருந்தார். ரொம்பக் கஷ்டப்பட்டேன். என் காலடிச் சத்தம் கேட்டாலே தடுப்பில் முன்னங்காலை வைத்துக்கொண்டு அது கத்தும், நான் திரும்பிப் பார்க்காமல் மாட்டுத் தொழுவத்துப் பக்கம் போய்விடுவேன். "நீ இல்லாத நாள்ல அத்த யாரு பாப்பாங்கோ? ஆடுங்கதான் பாக்கணும்" என்பார் தாத்தா. பின்னால் மந்தையோடு திறந்துவிட்டபோது முட்டு வாங்கியது, ஓரமாக நின்றது, அப்புறம் ஒரு கிழட்டு ஆட்டின் பின்னாலேயே போகக் கற்றுக்கொண்டது. இப்போது நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் தலையைத் தூக்கிப் பார்க்கும். மந்தை நகர்ந்தால் அதுவும் நகர்ந்துவிடும்.

கிடாக்குட்டி விஷயத்தில் இன்னும் கண்டிப்பு தேவை. பாட்டிலில் வளர்ந்த கிடாவுக்கு மனுஷர்களிடம் பயமே இருக்காது. சின்ன வயதில் நெற்றியில் கை வைத்துத் தள்ளி விளையாடினால், அதை அது சண்டைப் பயிற்சியாகவே எடுத்துக்கொள்ளும். வளர்ந்தபின் முப்பது நாற்பது கிலோ உடம்போடு ஓடிவந்து முட்டினால் பெரியவர்களுக்கே முட்டி எலும்பு போய்விடும். குழந்தைகளை நெற்றியைத் தொட விடுவதில்லை, தாடைக்கடியில் சொறிந்து கொடுக்கச் சொல்வோம். காயடிப்பதையும் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் சொல்லி நேரத்தில் செய்துவிடுவோம்.

ஒற்றைக் குட்டியைத் தத்துக் கொடுங்கள், மொட்டை மாடியில் வைத்து வளர்க்கிறோம் என்று பாசத்தோடு கேட்கிறவர்களுக்கு நாங்கள் இல்லை என்று சொல்வதற்கும் இதுதான் காரணம். இடமும் தழையும் இன்னும் இரண்டு மூன்று ஆடுகளும் இருக்கிற வீட்டுக்குத்தான் கொடுப்போம்.

சாலையோரம் குட்டியைப் பார்த்தால் உடனே தூக்கிவிட வேண்டாம், ஒரு கால்மணி சுற்றிப் பாருங்கள். தாய் மேய்ந்துவிட்டு வரலாம், ஆட்டுக்காரர் தேடிக்கொண்டு வரலாம். பக்கத்து டீக்கடையில் விசாரித்தாலே மந்தை யாருடையது என்று தெரிந்துவிடும். யாரும் இல்லையென்று உறுதியானால் துடைத்து, உலர்ந்த துணியில் சுற்றி, 1962-க்கோ பக்கத்துக் காப்பகத்துக்கோ போன் செய்யுங்கள். வாயில் விரல் வைத்துப் பார்த்துச் சூடாக இருக்கிறதா என்று போனிலேயே சொல்லிவிடுங்கள், எதிர்முனையில் இருப்பவருக்குப் பாதி நேரம் மிச்சம்.

எங்களைப் போன்ற இடங்களுக்கு ஏதாவது கொண்டுவர நினைப்பவர்களுக்கு: பழைய துண்டு, கோணிச்சாக்கு, குண்டு பல்பு, உலர்ந்த கடலைக்கொடி. வீட்டில் மாடு கன்று போட்டிருந்தால் முதல் நாள் சீம்பாலில் ஒரு பங்கைக் காய்ச்சாமல், சுத்தமான பாட்டிலில் ஊற்றி, கறந்த தேதியை மேலே எழுதி, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டு வாருங்கள். ராத்திரி எந்நேரம் ஆனாலும் வாங்கி ஃப்ரீசரில் வைக்க ஆள் இருக்கிறது.